மரவேலைத் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, பட்டறைத் தோழர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கையை ஆறு நிமிடத்தில் வாசித்து முடித்தேன். அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. இந்த ஆண்டு அவ்வளவு சீக்கிரம் உட்கார மாட்டேன். டீ வந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஒன்று மழையால் நின்றது, இன்னொன்று ஆள் வராததால் நின்றது. கும்பகோணம், சுவாமிமலை, திருவிடைமருதூர், ஆடுதுறைப் பக்கத்து உறுப்பினர்களோடு, நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள் இருவரும் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நீங்கள் அறிந்ததே. அவர்களை வரவேற்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘கையுறை’ என்று ஒரு வரி வரும். அதற்கு நான்தான் பொறுப்பு, பின்னால் சொல்கிறேன்.

வேலை எப்படி இருந்தது? மேட்டூர் அணையை 2024-இல் வழக்கமான ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். வயலில் காசு புரளாவிட்டால் நம் பட்டறையில் மரம் புரளாது. ஆடியில் எப்போதும் வேலை குறைவு, இம்முறை ஆவணியும் அப்படியே போயிற்று. பிறகு தை அறுவடை முடிந்ததும் எல்லா வேலையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. வீட்டுக்காரர்கள் வாசல் நிலை வைக்க நாளும் நேரமும் குறித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். மரம் காய்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஆண்டு நம் உறுப்பினர்களுக்கு நேர்ந்த மூன்று விபத்துகளில் இரண்டு, அப்படிக் குறித்த நேரத்துக்கு முந்தைய இரவில் நடந்தவை.

மாசியில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த உறுப்பினர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். சொல்லச் சொன்னவரும் அவர்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நம்மில் பாதிப் பேர் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். கையில் பிடித்து அறுக்கும் கட்டரைக் கவிழ்த்து, மேசைக்கு அடியில் திருகி, பிளேடு மட்டும் மேலே தெரியும்படி வைத்திருந்தார். அப்படிக் கவிழ்த்தால் தானாக மூடிக்கொள்ளும் மூடி தடையாக இருக்கும் என்று அதைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தார். சுவிட்சையும் அழுத்தியபடியே பூட்டியிருந்தார். வெட்டி அதிக நாளாகாத வேப்ப மரச் சட்டம். மணி இரவு பதினொன்று. முக்கால் பங்கு அறுபட்டதும் மரத்துக்குள் இருந்த முறுக்கு வெளிவந்து, அறுத்த வாய் பின்னால் மூடிக்கொண்டது. பிளேட்டின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறுபவை. மரம் அவற்றைக் கவ்வியதும் சட்டம் துள்ளி அவர் வயிற்றில் அடித்தது. சட்டத்தின் மேல் இருந்த இடது கை பிளேடு இருந்த இடத்துக்குப் போய்விட்டது. சுட்டுவிரலில் ஒரு கணு போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தவையும் பாடம்தான். ஒருவர் காயத்தில் காப்பித்தூளை அப்பினார். இன்னொருவர் நல்லெண்ணத்தோடு ஓடிப்போய் ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, துண்டான கணுவை நேராக அதற்குள் போட்டார். மருத்துவமனையில் அதை இணைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடுமாம். பங்குனிக் கூட்டத்துக்கு வந்த மருத்துவர் செய்துகாட்டிய முறை இது: துண்டானதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்ற வேண்டும். அதைப் பாலிதீன் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தப் பையைத்தான் ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. 108-க்கு அழைக்கும்போதே விரல் துண்டாகிவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்ய அது உதவும்.

இந்த விபத்தைப் பேசிய கூட்டத்தில், இளவயதில் குழியில் ஆளிறங்கி மரம் அறுத்த மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று இழுக்கும் பெரிய ரம்பம் அது. “ஆப்பு அடிக்காமல் நாங்கள் ஒரு முழம்கூட அறுத்ததில்லையே, உங்கள் மெஷினுக்கு ஆப்பு எங்கே?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் கேட்டது மிகச் சரி. கம்பெனியிலிருந்து வரும் மேசை ரம்பத்தில் பிளேட்டுக்கு நேர் பின்னால் ஒரு தகடு நிற்கும். அறுபட்ட வாய் மூடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பிளேட்டின் உடலைவிடச் சற்றுத் தடிமனாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் இருக்கும். அதுதான் அந்தப் பழைய ஆப்பு. காடி, அதாவது மரத்தில் நீளப் பள்ளம், எடுக்கும்போது இடைஞ்சல் என்று ஒருநாள் அதைக் கழற்றுகிறோம், பிறகு மாட்டுவதில்லை. சித்திரையில் தலைவரும் நானும் மேசை ரம்பம் உள்ள ஒன்பது பட்டறைகளுக்குப் போய்ப் பார்த்தோம். அந்தத் தகடு இரண்டில்தான் இருந்தது. நான்கில் அலமாரிக்குள் இருந்தது. மூன்றில் எங்கே போயிற்று என்றே யாருக்கும் தெரியவில்லை. என் பட்டறை அந்த நான்கில் ஒன்று. இப்போது மாட்டிவிட்டேன்.

கட்டரைக் கவிழ்த்து மாட்டுவதை நிறுத்த வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் போடுவது எளிது, மேசை ரம்பம் வாங்கப் பணம் வேண்டுமே என்று கேட்பீர்கள். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. விண்ணப்பிக்க உதவி வேண்டுபவர்கள் துணைச் செயலாளரைப் பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விலைப்பட்டியல் வாங்கும்போது மூடியும் அந்தத் தகடும் சேர்ந்த விலையா என்று பாருங்கள். கையால் தள்ளாமல் மரக்கட்டையால் தள்ளுங்கள், பிளேட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். தள்ளுகட்டைக்கு நம்மிடம் மரத்துண்டுக்கா பஞ்சம்?

இளைய உறுப்பினர் ஒருவர் கைபேசியில் அமெரிக்க ரம்பம் ஒன்றின் காட்சியைப் போட்டுக் காட்டினார். ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் உருவாக்கியது. பிளேட்டில் மெல்லிய மின்குறி ஓடுகிறது. விரல் பட்டதும் அந்தக் குறி மாறும். 5 மில்லி விநாடிக்குள் அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பிளேட்டை நிறுத்திவிடும். பிளேடும் கட்டையும் பாழாகும், விரலில் கீறல்தான் இருக்கும். எல்லோரும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அதே மூத்தவர், “ஈர மரத்தை வைத்தால்?” என்றார். மிகவும் ஈரமான மரத்தை அந்த மெஷின் விரல் என்று நினைத்து நின்றுவிடுவதும் உண்டுதான். நாம் அறுக்கும் பச்சை மரத்துக்கு அது எத்தனை பிளேடு கேட்குமோ!

இப்போது நோட்டைப் பற்றி. விபத்து நடந்தால்தான் நமக்குத் தெரியவருகிறது. நூலிழையில் தப்பியதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் ‘கை பழகாதவன்’ என்று பெயர் வரும் என்ற கூச்சம்தான் காரணம். அதனால் ஆடி மாதம் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்தோம். தப்பித்தவர்கள் பெயர் போடாமல் எழுதலாம். முதல் மூன்று வாரம் வெறும் தாளாகவே கிடந்தது. பிறகு முதல் பக்கத்தில் நானே எழுதினேன். தோளில் கிடந்த துண்டு துளை போடும் மெஷினில் சுற்றிக்கொண்டு என்னைக் குனியவைத்த கதை அது. மெஷினின் வேகம் குறைவாக இருந்ததால் தப்பினேன். முப்பது ஆண்டாகத் தோளில் துண்டில்லாமல் நான் பட்டறையில் நின்றதில்லை. இப்போது வாசலில் ஆணி அடித்து மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மணிக்கட்டில் கயிறு கட்டியிருப்பவர்களுக்கும் இதுவே கதை. நாதஸ்வரம் கடையும் புதிய உறுப்பினர்கள் லேத்தின் முன் தொங்குவதாக எதையும் அணிவதில்லை என்பதைக் கவனித்தேன்.

அதன் பிறகு நோட்டில் பத்தொன்பது பேர் எழுதினார்கள். இரண்டை மட்டும் வாசிக்கிறேன்.

ஒன்று: “பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குக் கரண்ட் போயிற்று. பிளேனரின் பொத்தான் பூட்டியபடி இருந்தது, நான் மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடி, மேசையிலிருந்து குதித்து, பையனின் செருப்பைச் சீவிவிட்டது. செருப்புக்குள் கால் இல்லை.” கடைசி வாக்கியத்தை எழுதியவர் இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறார். கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். நிலையாக நிற்கும் மெஷின்களுக்கு, மின்சாரம் போனதும் தானே விழுந்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் கிடைக்கிறது. சங்கம் மொத்தமாக வாங்கிப் பதினோரு பட்டறைகளில் பொருத்தியிருக்கிறது.

இன்னொன்று, நான்கு இஞ்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டியவர் எழுதியது. பிளேடு மரத்தில் சிக்கி, மெஷின் கையைவிட்டுத் துள்ளி, கன்னத்துக்கு அருகே போயிருக்கிறது. அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். கணக்குப் போட்டால் பல்லின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். நம் ஊர் வழியாகப் போகும் எந்த ரயிலுக்கும் அந்த வேகம் கிடையாது. கிரைண்டரில் பல் பிளேடு வேண்டவே வேண்டாம். இரும்பு வெட்டும் வட்டை மாட்டுபவர்களும் அதில் அச்சிட்டிருக்கும் சுற்று அளவு மெஷினின் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். பழைய வட்டு சுழலும்போது சிதறினால் மூக்குக் கண்ணாடி தாங்காது, அதற்கென்று உள்ள கண்ணாடிதான் வேண்டும்.

கையுறைக்கு வருகிறேன். விபத்துக்கு மறுவாரமே ஆளுக்கொரு ஜோடி பருத்திக் கையுறை வாங்கினேன், யாரையும் கேட்கவில்லை. சுழலும் பிளேட்டுக்கு அருகே கையுறை போடக்கூடாது. நூல் சிக்கினால் விரலோடு கையையும் இழுத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பத்தொன்பது வயது ஐ.டி.ஐ. மாணவர். இப்போது அந்தக் கையுறைகள் மரவாடியில் சட்டம் ஏற்றி இறக்கப் பயன்படுகின்றன. பணம் வீணாகவில்லை என்று பொருளாளர் ஒப்புக்கொண்டால் எனக்கு நிம்மதி.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த மழையில் பல பட்டறைகளில் தரை நனைந்தது. கசிவு மின்சாரத்தில் தானே விழும் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி., அடிக்கடி விழுகிறது என்று அதையே தவிர்த்து நேராக இணைப்புக் கொடுத்தவர் ஒருவர். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்பதுதான் அதன் பிறவிக் குணம். அங்கே போய்ப் பார்த்தோம். ஈரத்தரையில் கிடந்த நீட்டிப்பு ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. ஒயரை மாற்றியதும் விழுவது நின்றது. அந்தச் சுவிட்சில் சோதனைப் பொத்தான் இருக்கிறது, மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஒயரைச் சுருட்டி வைத்தபடி மெஷின் ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடேறி உருகும்.

காது, மூக்கு பற்றிச் சுருக்கமாக. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான் காது தாங்கும் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். ரம்பமும் பிளேனரும் 100-ஐத் தொடும். அந்தக் கணக்கில் 15 நிமிடம்தான். நாதஸ்வரக்காரர் ஒருவர், “சுருதி கேட்காவிட்டால் நான் என்னத்தைக் கடைவது?” என்று சொல்லிக் காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்கிப்போனார். மற்றவர்கள் வாங்கவில்லை, பெட்டி அப்படியே இருக்கிறது. மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. வாயைத் துண்டால் கட்டுவது போதாது, முகக்கவசம் வேண்டும்.

காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் வங்கி மூலம் எல்லோரையும் சேர்த்தோம். இறப்புக்கு 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ செயலிழந்தால் 1 லட்சம். விரல் கணு போனால் ஒன்றும் கிடையாது. மாசி விபத்துக்குப் பிறகுதான் இதை வரிவரியாகப் படித்தோம். அதனால் சங்கத்துக்குள்ளேயே ஒரு நிதி தொடங்க வேண்டும், மாதம் ஐம்பது ரூபாய் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பிக்காதவர்கள் பெயர்ப்பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. பட்டியல் நீளமாக இருக்கிறது.

மாசியில் அடிபட்டவர் சித்திரை முதல் வேலைக்கு வருகிறார். அவர் செய்து முடிக்காத வாசல் நிலையை நம் உறுப்பினர்கள் இருவர் மறுநாள் விடிவதற்குள் முடித்துக் குறித்த நேரத்தில் வைத்தார்கள். கூலி முழுவதையும் அவர் வீட்டில் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

நோட்டு இப்போது பின்வரிசையிலிருந்து வரும். எழுத வேண்டியவர்கள் எழுதலாம். பேனாவை நூலால் கட்டியிருக்கிறோம். போன பேனா ஆவணியிலேயே யார் காதிலோ ஏறிப் போய்விட்டது.

இவண்,
செயலாளர்