சார்ட்டர் லாட்டரிக்குப் பெயர் கொடுக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மாசசூசெட்ஸில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். ஜனவரி பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி (அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் பொதுப் பள்ளிகள்) அதே கேள்விகள் வரிசை கட்டிவிடும். "சார்ட்டர் ஸ்கூலுக்கு ஃபீஸ் எவ்வளவு?" "என்ட்ரன்ஸ் டெஸ்ட் உண்டா? ரஷ்யன் மேத் கணக்கு டியூஷன் போனால் சான்ஸ் கூடுமா?" "உள்ளே யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?" பதில் சொல்கிறவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி அலுத்துவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கூடவே நம்மைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஃபீஸ் கிடையாது. டெஸ்ட், இன்டர்வியூ எதுவும் வைக்கக் கூடாது. அறிமுகக் கூட்டத்துக்கு வந்தவர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்றுகூடச் சொல்லக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால், முன்கூட்டி அறிவித்து, பொதுவில் குலுக்கல், அதுதான் லாட்டரி. ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு முதல் இடம், அப்புறம் அந்த ஊர் அல்லது வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு, மிச்சம் இருந்தால் வெளியூருக்கு. சிபாரிசும் டொனேஷனும் இங்கே வேகாது. (வட்டாரத்து அட்ரஸ் வேண்டும் என்பதற்காகவே வாடகை வீடு மாறுகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே அங்கே குடியிருந்தால் அதில் தப்பொன்றும் இல்லை.)

இத்தனை சொன்ன பிறகும் நம்மில் பாதிப் பேர் இதை ஓசியில் கிடைக்கும் பிரைவேட் ஸ்கூல் என்றே நினைக்கிறோம். நம்மூர் எய்டட் பள்ளி மாதிரி என்று சிலர் சொல்வது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் எய்டட் பள்ளியில் நிர்வாகம் நியமித்த ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கும். இங்கே பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மொத்தப் பணத்தையும் பள்ளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள், யாரை வேலைக்கு வைப்பது, பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குவது, கணக்கை எப்படி நடத்துவது என்பதெல்லாம் அவர்கள் பாடு. அதற்குப் பதிலாக மாநிலக் கல்வி வாரியத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம், அதுதான் சார்ட்டர். ஐந்து வருடம் முடிந்ததும் வாரியம் புதுப்பிக்கலாம், நிபந்தனை போடலாம், மூடியும் விடலாம். எம்காஸ் என்ற மாநிலத் தேர்வை எல்லாப் பிள்ளைகளையும் போல இவர்களும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த யோசனையை நாடு முழுக்கப் பேச வைத்தவர் ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர், ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர் சங்கங்கள் சார்ட்டரோடு போடும் இன்றைய சண்டையைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஆசிரியர்கள் சிறு பள்ளிகள் நடத்திப் புது முறைகளைச் சோதிக்கட்டும், பலித்ததை மற்ற பள்ளிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் 1988இல். 1991இல் மினசோட்டா முதல் சட்டம் போட்டது, 1993இல் நம் மாநிலம். சில வருடங்களிலேயே ஷாங்கரே இதை எதிர்க்க ஆரம்பித்துவிட்டார் என்பது வேறு கதை.

இப்போது பணம். நம் குழுக்களில் யாரும் பேசாத விஷயம் இதுதான். சார்ட்டர் பள்ளிக்குச் சொந்தமாக வரிப்பணம் கிடையாது. உங்கள் பிள்ளை அங்கே போனால் அவளுக்கான தொகையை, உங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு மாநிலம் தரும் உதவியிலிருந்து பிடித்து அங்கே அனுப்புவார்கள். பிள்ளை போனால் செலவும் போகும்தானே என்று தோன்றும். முப்பது பிள்ளைகள் ஒரே வகுப்பிலிருந்து போனால் சரி. மூன்றாம் வகுப்பில் ரெண்டு பேர், ஆறில் நாலு பேர், அந்தப் பள்ளியில் ஒருவர், இந்தப் பள்ளியில் ஒருவர் என்று போனால் எந்த ஆசிரியரைக் குறைப்பது? பஸ் அதே ரூட்டில்தான் ஓட வேண்டும், ஹீட்டர் அதே கட்டடத்துக்குத்தான் எரிய வேண்டும். சார்ட்டர் பள்ளி அதே ஊரில் இருந்தால், அதற்குப் போகும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஊர்க் கணக்கிலேயே பஸ். இதற்காகத்தான் முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாகப் போகும் தொகைக்கு முதல் வருடம் 100, அடுத்த வருடம் 60, அதற்கடுத்து 40 சதவீதம் என்று மாநிலம் ஈடு கொடுக்கிறது, 2019 சட்டப்படி. அதற்கு முன்னால் இருந்த ஈட்டுத் தொகையைப் பல வருடங்கள் முழுசாகவே கொடுக்கவில்லை. 2016இல் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கைக்கு உள்ள உச்சவரம்பைத் தளர்த்தலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சார்ட்டர் பள்ளிகள் மட்டம் என்று நினைத்து அத்தனை பேரும் மறுக்கவில்லை, ஊர் ஊராகப் பட்ஜெட்டைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுத்தார்கள்.

படிப்பு எப்படி என்றால், அதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது, அதுவும் நம் மாநிலத்திலிருந்து. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டால் பெற்றோரின் ஆர்வம் இரு பக்கமும் ஒன்றாகிவிடும், மீதி வித்தியாசம் பள்ளியுடையது. எம்.ஐ.டி.யின் ஜோஷுவா ஆங்ரிஸ்ட் (2021இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்), பராக் பாதக் முதலியோர் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். பாஸ்டன் போன்ற நகரங்களின் சார்ட்டர் பள்ளிகளில் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள், முக்கியமாக ஏழைப் பிள்ளைகள். நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர் பள்ளிகளில் அப்படி ஒரு லாபம் சராசரியாகத் தெரியவில்லை, சில இடங்களில் பின்னடைவுகூட இருந்தது. நாம் பெரும்பாலும் எங்கே குடியிருக்கிறோம்? புறநகரில். ஒவ்வொரு புறநகர் சார்ட்டரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, ஆனால் "சார்ட்டர்" என்ற பெயரைக் கேட்டதுமே வாயைப் பிளப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

ரேங்க் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நடுவில் ஒரு பிள்ளை விலகினால் காலியிடத்தைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நிரப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பள்ளியின் மேல்பாதி வகுப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டில் காலி இடம் காலியாகவே கிடக்கலாம். ஊர்ப் பள்ளியால் அப்படி இருக்க முடியாது, மார்ச் மாதத்தில் குடிவந்தாலும் கதவைத் திறக்கத்தான் வேண்டும். வொர்செஸ்டரில் ஒரு சார்ட்டர் பள்ளி 2013இல் பணமுடையால் படிப்பாண்டின் நடுவிலேயே மூடியபோதும் பிள்ளைகளுக்கு இடம் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது ஊர்ப் பள்ளிகளுக்குத்தான். மாநிலக் கல்வித்துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று இருக்கிறது. ஏழாம் வகுப்பில் இருந்த எண்ணிக்கை பன்னிரண்டில் என்ன ஆகிறது என்று பாருங்கள், பிறகு ரேங்கைப் பாருங்கள்.

இதெல்லாம் நிஜமாகவே பொதுப் பள்ளிதானா என்ற வழக்கு நாடு முழுக்க நடக்கிறது. 2015இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், மக்கள் தேர்ந்தெடுக்காத குழு நடத்துவதால் இவை அரசியலமைப்பு சொல்லும் பொதுப் பள்ளிகள் ஆகா என்றது. வட கரோலினாவில் பெண் பிள்ளைகள் பாவாடைதான் போட வேண்டும் என்று விதித்த ஒரு சார்ட்டர் பள்ளி, நாங்கள் அரசு அமைப்பே அல்ல என்று வாதாடியது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீங்கள் அரசின் வேலையைத்தான் செய்கிறீர்கள், அரசியலமைப்பு உங்களையும் கட்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் மாநிலத்தில் அந்தக் குழப்பம் அவ்வளவு இல்லை. சார்ட்டர் பள்ளியை நடத்தும் குழுவினரான ட்ரஸ்டிகள் இங்கே பொது ஊழியர் மாதிரிதான்: கூட்டத்தை 48 மணி நேரம் முன்னால் அறிவிக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், ஆவணம் கேட்டால் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பட்ஜெட், கட்டட வாடகை, விலகிய ஆசிரியர்கள் என்று எல்லாம் பேசினார்கள், பார்வையாளர் நாற்காலி ஏறக்குறைய காலி. இடம் கிடைத்த அன்று குழுவில் வாழ்த்து ஸ்டிக்கராகக் கொட்டியவர்களில் ஒருவரும் இல்லை. நான் சொல்ல வந்த குறை இதுதான். ஊர்ப் பள்ளி என்றால் "ஐயோ அந்த ஸ்கூலா" என்கிறோம், சார்ட்டர் கிடைத்தால் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம், ரெண்டுக்கும் நம் வரிப்பணம்தான் போகிறது.

"எச்1பியில் இருக்கிறோம், ஓட்டு இல்லை, நாங்கள் என்ன செய்வது?" என்பீர்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் பேசலாம். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் கமிட்டி வருடா வருடம் பட்ஜெட்டுக்குப் பொது விசாரணை வைத்தே ஆக வேண்டும், அக்கறையுள்ள யாருக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும். விசா கேட்க மாட்டார்கள். லாட்டரிக்குத் தாராளமாகப் பெயர் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு, உங்கள் ஊர் பட்ஜெட் விசாரணை எந்தத் தேதி என்பதையும் பார்த்துக் குழுவில் போடுங்கள். நான் வருகிறேன், காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வொர்செஸ்டர் பக்கம் குடியிருக்கும் ஒரு அப்பா