‘நடப்பானா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர் மறுபடி எழுந்து நடந்தார் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் தெருவில் யாராவது பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். என் தம்பி மூன்று வருடத்துக்கு முன் குடியாத்தம் பக்கம் புளி உலுக்க ஏறி விழுந்தவன். பதற்றத்தில் நாங்களே கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். முதுகை அசைக்காமல் 108-க்குக் காத்திருக்கணும் என்று அன்று யாருக்குத் தெரியும்? இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான், நடப்பானா? முதல் வருடம் நாங்களும் அதையேதான் கேட்டோம். அந்தத் தைலம், இந்த வைத்தியர் என்று அலைந்ததில் பிட்டத்தில் படுக்கைப்புண் வந்து எலும்பு தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. அது ஆறவே ஆறு மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்திருந்தால் அந்த நிலைக்குப் போயிருக்காது.

அப்புறம்தான் பிசியோதெரபி என்றால் காலை நீட்டி மடக்குவது மட்டுமில்லை என்று புரிந்தது. கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறுவது, உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது, கண்ணாடி பிடித்துப் பின்பக்கத் தோலைப் பார்ப்பது, நேரம் தவறாமல் சுத்தமான டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது என்று மறுவாழ்வுப் பயிற்சியில் எல்லாம் சேர்த்திதான். கடைசியாகச் சொன்னதற்கு அவனுக்கு வெட்கம் விட்டுப்போகவே ஒரு மாதம் ஆனது.

இத்தனைக்கும் இது வேலூர் மாவட்டம். சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதற்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததே அவரால்தான். அவரும் கடைசிவரை பழையபடி நடக்கவில்லை, ஆனால் அவரைப் பார்த்து யாரும் பாவம் என்று உச்சுக் கொட்டியிருக்க முடியாது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருவார்கள் என்பதும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வாசல் படியில் பலகை போட்டுச் சரிவாக்கிய நாளிலிருந்து தம்பி தானே வெளியே வந்து செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். அடுத்த முறை எழுந்து நடந்தவர் படம் போடும்போது பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் கட்டி, புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்பது என்பதையும் போடுங்கள் சார்.

— ஒரு வாசகர், குடியாத்தம்