'பரியா' பெருமைப் பட்டியலில் சேருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில், ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் சரி. அதே வரிசையில், ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் 'பரியா'வையும் (pariah) சேர்த்து, பறை அடிப்பவர் என்று ஒரே வரியில் பொருள் சொல்லிக் கட்டுரையாளர் கடந்து போய்விட்டார். இதுவா நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டிய ஏற்றுமதி?

'பரியா'வுக்கு மூலமான 'பறையர்' என்ற சாதிப் பெயர் பறையிலிருந்து வந்தது என்பதைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் இந்நால்வர் அல்லாமல் குடியே இல்லை என்கிறது புறநானூற்றின் 335ஆம் பாட்டு. இழிவின் வாடைகூட அதில் கிடையாது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கு வந்தால் பறைச்சேரி தனியாக இருக்கிறது. தீண்டாச்சேரி என்ற பெயரே இருக்கிறது. போர்த்துக்கீசியக் கப்பல் வர இன்னும் ஏறத்தாழ 500 ஆண்டு கிடக்கிறது. அவர்கள் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறி, அப்புறம் ஊர் ஒதுக்கிய யாருக்கும் பெயராகி, கடைசியில் தெருநாய்க்கும் பெயரானது.

இங்கே மலேசியாவில் மலாய் மொழியிலும் அது புழங்குகிறது. செந்தூலில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) பந்து விளையாட்டு பார்க்கும் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நடுவரைத் திட்ட மலாய்ப் பையனுக்கும் சீனப் பையனுக்கும் இந்தச் சொல்தான் வாயில் வருகிறது. நம் பையன் அவர்களைவிடச் சத்தமாகச் சொல்கிறான்.

ஐந்தாம் படிவ மலாய்ப் பாடமாக வந்த நாவலில் இந்தச் சொல் இருந்ததற்காக 2011இல் நாடே அமளிப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். எதிர்த்தது நியாயம்தான். ஆனால் அன்று காதில் விழுந்த கோபத்தில் பாதி, 'எங்களையெல்லாம் எப்படி அந்தச் சாதி என்று சொல்லலாம்' என்பதாகவே இருந்தது. அதே கூட்டத்தில் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளும் நின்றிருப்பார்களே, அவர்கள் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது? தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசையைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்து வைத்திருந்த கதையை நம் பாட்டிமார்களே சொல்வார்கள். அதற்கு எந்த வெள்ளைக்காரனின் அகராதியும் தேவைப்படவில்லை.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு பக்கம் உண்டு. 1893இல் பறையர் சமூகத் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அதே காலத்துச் சிந்தனையாளர் அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. பூர்வ பௌத்தர் என்றார். பிறகு 'ஆதி திராவிடர்' அரசாங்க ஏட்டில் ஏறியது. பெயரைத் தலைநிமிர்ந்து சொல்வதா, தூக்கி எறிவதா என்று அந்த மக்களே இத்தனை காலம் வாதாடியிருக்கும்போது நாம் அதை மிளகுத்தண்ணீர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது நன்றாயில்லை.

தொடர் அடுத்த வாரமும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். இதையும் எழுதச் சொல்லுங்கள்; மாணவர்களும் படிக்கிறார்கள். அப்படியே, உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் 'பரியா நாடு' என்று வருகிறதே, 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று போட இடம் இல்லாமலா போய்விடும்?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்