வைன் முந்திரிகைக்கு உயரமா முக்கியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்ந்த மலையில் விளையும் முந்திரிகைதான் நல்ல வைனுக்கு உதவும், ஆகவே நுவரெலியாப் பக்கம் காணி எடுத்துக் கொடி நடலாம், யாழ்ப்பாணத்துப் பழம் சந்தைக்குப் போதும் என்ற பேச்சு முதலிட விரும்புபவர்களிடையே இருக்கிறது. உயரம் கொடிக்கு என்ன செய்கிறது என்று பாராமல் காணி வாங்கினால் காசு மழையோடு போய்விடும்.

ஆர்ஜென்ரீனாவின் சால்ட்டா மாகாணத்தில் கொலொமே நிறுவனத்தின் தோட்டமொன்று 3,111 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதே நாட்டின் மென்டோசாவில், வைன் செய்யும் கத்தேனா குடும்பம் 1992இல் நடத் தொடங்கிய அட்ரியானா தோட்டம் ஏறத்தாழ 1,450 மீற்றரில். ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும். புறஊதாக் கதிர் பத்து வீதமளவு கூடும். அந்தக் கதிரால் பழத்தோல் தடிக்கும், நிறமும் துவர்ப்பும் ஏறும். அதைவிடப் பெரிய விடயம் இரவுக் குளிர். பழம் இரவிலும் சுவாசிக்கிறது. இரவு சூடாக இருந்தால் தன்னிடமுள்ள, புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தை எரித்துவிடும். குளிர்ந்தால் அமிலம் நிற்கும். ஆனால் இவையெல்லாம் பலிப்பதற்குக் காரணம் அங்கே மழை இல்லாதது. மென்டோசாவில் ஆண்டு மழை 200 மில்லிமீற்றர் அளவுதான். அந்தீஸ் மலைப் பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீரை அளந்து பாய்ச்சுகிறார்கள். அவர்களுடைய பயம் ஆலங்கட்டி மழையும் உறைபனியும். நிரைகளின்மேல் வலை போர்த்தியிருப்பது ஆலங்கட்டிக்காகத்தான்.

நுவரெலியாவும் 1,868 மீற்றர் உயரம். அங்கே ஆண்டுக்கு 1,900 மில்லிமீற்றரளவு மழை, மூடுபனி வேறு. இலை ஈரம் காயாத இடத்தில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சண நோயை மருந்தடித்து வெல்ல முடியாது. குலை பழுக்கும்போது மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். உயரம் கிடைத்து உலர்வு கிடைக்காத இடம் அது.

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் இருப்பது அந்த உலர்வு. பிரேசிலின் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு தெற்கே ஏறத்தாழ 9ஆம் பாகையில், 400 மீற்றருக்குக் குறைந்த உயரத்தில் இருக்கிறது; நாங்கள் வடக்கே 9ஆம் பாகை கடந்து இருக்கிறோம். அங்கே சிராஸ் என்ற வைன் முந்திரிகை இனத்தில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுத்து வைன் செய்கிறார்கள். மலை இல்லாத குறையை அவர்கள் ஈடுசெய்வது கத்தரிக்கும் நாளைத் தெரிவுசெய்வதால்தான்.

எங்கள் செம்மண் தறைகளிலும் இதைச் செய்யலாம். கத்தரித்ததிலிருந்து அறுவடைக்கு மூன்றரை, நான்கு மாதம் ஆகும். மாசி கடைசியில் கத்தரித்தால் குலை ஆனி, ஆடி வெயிலில் பழுக்கும். ஆவணியில் கத்தரித்தால் மாரி மழை குலைமேலேயே கொட்டும். அந்தப் போகத்தை வைனுக்கு நினைக்கவே கூடாது. இங்கே குளிர்காலம் இல்லாததால் கத்தரித்த கொப்பில் நுனி மொட்டு மட்டும் முளைத்து அடி மொட்டுகள் உறங்கிவிடும். கொப்பை வளைத்துக் கட்டினால் ஓரளவு சீராக முளைக்கும். பந்தல் அடர்ந்து நிழல் கட்டினால் நிறம் ஏறாது, நோயும் தங்கும். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் நீக்க வேண்டும். மேற்குப் பக்க இலையை எடுத்தால் பழம் வெந்துவிடும். நோய்க்கு அடிக்கும் கந்தகத் தூளும் வெயிலில் இலையைச் சுடும். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பதே சரி.

தண்ணீர் விடயம் இன்னும் கவனத்துக்குரியது. கிணற்று நீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினால் முந்திரிகை விளைச்சல் குறையத் தொடங்கும். இலை ஓரம் கருகுவது அதன் முதல் அடையாளம். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்துக்குச் செலவழிக்கிறார்கள். உவர்க் கிணறு உள்ளவர் நடுவதற்கு முன்னரே டொக்ரிஜ் போன்ற உவர் தாங்கும் அடிக்கட்டையில் ஒட்டிய கன்று தேட வேண்டும்.

இனி அறுவடை. கறுத்தவுடன் பிடுங்குவது சந்தை வழக்கம். நிறம் ஏறியதும் பழம் முற்றியதும் ஒன்றல்ல. சீனி மிஞ்சாத உலர் வைனுக்குச் சாறு 22 பிறிக்ஸ் (சீனியின் அளவு) அளவில் வர வேண்டும், பி.எச். (அமிலம் குறைந்தால் ஏறும் எண்) 3.6ஐத் தாண்டக் கூடாது. எங்கள் கோடை இரவு 27 பாகையளவில் நிற்பதால் சீனி ஏறுமுன் அமிலம் விழுந்துவிடக்கூடும். அப்போது டாட்டாரிக் அமிலம் லீற்றருக்கு 1 கிராம் சேர்த்தால் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கும். பிடுங்குவது விடியமுன் முடிய வேண்டும். கெடுக்கும் கிருமிகளை அடக்க, 100 கிலோ பழத்துக்குப் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற் 8 முதல் 10 கிராம் போதும். நொதிக்கும்போது சாறு தானே சூடேறும். 35 பாகை கடந்தால் மதுவம் (ஈஸ்ட்) செத்து நொதித்தல் இடையில் நின்றுவிடும், சீனி மிஞ்சி வினாகிரியாகிவிடும். எனவே வைன் தொட்டிக்கு முதல் வாங்க வேண்டியது குளிரூட்டி.

இங்கே பரவியுள்ள இஸ்ரேல் புளூ இனத்தில் உயர்ரக வைன் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. சிராஸ் போன்ற இனங்களைத் தாவரத் தடுப்புக்காப்பு வழியாக முறையாக இறக்கி, இரண்டு பரப்பிலாவது ஐந்து வருடம் பார்க்க வேண்டும். மது வேண்டாம் என்பவர்களின் கருத்தை மதிக்கிறோம். தோலகட்டி ஆச்சிரமத்து முந்திரிகைச் சாறை விரும்பிக் குடிக்கும் ஊர் இது. கத்தரிப்பு, தண்ணீர், அமிலம் பற்றி மேலே எழுதியவை சாறு போடுபவருக்கும் உதவும்.

விவசாயத் திணைக்களத்திடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் ஒரு பிறிக்ஸ்மானியும் ஒரு பி.எச்.மானியும் தாருங்கள். முந்திரிகை நிற்கும் தறைகளின் கிணறுகளை வைகாசியிலும் புரட்டாதியிலும் அளந்து, பெறுபேற்றைத் தோட்டக்காரரின் கையில் எழுத்தில் கொடுங்கள்.

இங்ஙனம்,
முந்திரிகைச் செய்கையாளர் சிலர்,
உரும்பிராய்.