தோளில் நட்சத்திரம் இல்லாதவர்

மதுரை
ஏப்ரல் 18

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த கை தனக்கென்றால் மறந்துபோகும். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தியாயிற்று.

மே 12, செவிலியர் தினத்துக்கு நர்சிங் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றித்தான் பேசுவேன். இந்தத் தடவை அமெரிக்காவின் கறுப்பின நர்ஸ் மேபல் ஸ்டாப்பர்ஸைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரு மாதமாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன். ராணுவத்தில் இருந்தவள் நீ, உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1890-இல் பார்படோஸ் தீவில் பிறந்தவர். 1903-இல் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிவந்தார். 1917-இல் வாஷிங்டனில் ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில் நர்சிங் முடித்தார். 1920-இல் இரண்டு டாக்டர்களோடு சேர்ந்து ஹார்லெமில் காசநோய்க்காரர்களுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். கறுப்பின டாக்டர்கள் தங்கள் நோயாளியைப் படுக்கையில் சேர்த்து வைத்தியம் பார்க்கவே இடம் கிடைக்காத காலம் அது. இதைப் படித்தபோது நம் டி.பி. வார்டுதான் கண் முன்னால் வந்தது. விடியற்காலையில் மூடி போட்ட சளிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, பெயர்ச் சீட்டு மாறாமல் லேபுக்குத் தூக்கிக்கொண்டு போவோமே, அந்த ஃபினாயில் வாடையோடு.

1934-இல் கறுப்பின நர்ஸுகளின் தேசியச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். இரண்டாம் உலகப் போர் நெருங்கியதும் ராணுவத்தில் சேரக் கறுப்பினப் பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1941-இல் ராணுவம் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய இடம் எத்தனை தெரியுமா? 56. ஆயிரக்கணக்கில் படித்துப் பதிவு செய்த நர்ஸுகள் காத்திருந்த நாட்டில் 56! அப்படிச் சேர்ந்தவர்களிலும் பலரை எங்கே போட்டார்கள் என்றால், பிடிபட்ட ஜெர்மன் கைதிகளைப் பார்த்துக்கொள்ள. கைதியும் நோயாளிதான், நாம் யாருக்கும் பேதம் பார்த்ததில்லை. ஆனால் தன் நாட்டு வீரனின் காயத்தைத் தொடவிடாமல் எதிரியின் காயத்துக்கு மட்டும் அனுப்பினால் அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபட்டிருக்கும், ராஜி!

1944 நவம்பரில் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார் மேபல். 1945 ஜனவரியில், நர்ஸுகள் போதவில்லை, கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ராணுவ மருத்துவத் தலைவர் நார்மன் கர்க் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் பேசினார். கூட்டத்தில் இருந்த மேபல் எழுந்தார். அவ்வளவு தட்டுப்பாடு என்றால் கறுப்பின நர்ஸுகளை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டார். அதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேனோ! ஜனங்கள் ஜனாதிபதிக்குத் தந்தி மேல் தந்தி அனுப்பினார்கள். அந்த மாதமே கறுப்பின நர்ஸுகளைப் பேதமில்லாமல் எடுக்க ராணுவம் இறங்கிவந்தது, கடற்படையும் இறங்கிவந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. 1948-இல் அமெரிக்க நர்ஸுகள் சங்கமே கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தது. தனிச் சங்கத்துக்கு இனி வேலை இல்லை என்று 1951-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். அப்போது தலைவர் மேபல்தான். வாழ்நாளெல்லாம் சுமந்ததைத் தன் கையாலேயே மூடி வைப்பதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்!

அவர் ராணுவ உடுப்பு போட்டதே இல்லை. தோளில் நட்சத்திரம் வைத்தவள் நீ. அதனால் 12-ஆம் தேதி நீயும் வர வேண்டும். உன் முதல் போஸ்டிங் ஆர்டரை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பாயே, அதையும் அந்த நட்சத்திரத்தையும் எடுத்து வா. பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் வேண்டாம், ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

உன் அன்புள்ள,
செல்வி