யூரோலீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: ஃபைனல் ஃபோர் ரசிகரின் கைக்கெட்டும் தொலைவில் நடக்கட்டும்

பார்சிலோனாவிலிருந்து இயங்கும் யூரோலீக் நிர்வாகத்தினருக்கும், அதில் பங்குதாரர்களாக உள்ள கழகங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

ஐரோப்பியக் கழகக் கூடைப்பந்தின் ஒரு பருவம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லும் ஃபைனல் ஃபோர் வார இறுதியை எந்த ஊரில் நடத்துவது என்று நீங்கள் முடிவெடுக்கும் முறை குறித்து இம்மடலை எழுதுகிறேன். ஆட்ட முறையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான்கு அணிகளை ஒரே அரங்கில் கூட்டி, தோற்றவருக்கு மறுவாய்ப்பே தராமல் கோப்பையை முடிவுசெய்யும் இந்த ஏற்பாடு இன்றைய வடிவில் 1988இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தொடங்கியது. 2001இல் மட்டும் இத்தாலியின் கிண்டர் போலோன்யாவும் ஸ்பெயினின் டாவ் செராமிகாவும் ஐந்து ஆட்டத் தொடராக இறுதியை ஆடின; மறு ஆண்டே பழைய முறைக்குத் திரும்பினீர்கள், அது சரியான முடிவு. ஒரே ஆட்டத்தில் எல்லாம் தீர்ந்துவிடுவதால்தான், அந்த நேரத்தில் அரங்குக்குள் யார் இருக்கிறார்கள் என்பது இத்தனை முக்கியமாகிறது.

2012இல் இஸ்தான்புல்லில் நடந்த இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது கால்பகுதியில் சிஎஸ்கேஏ மாஸ்கோ 19 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. எதிரணியான கிரேக்கக் கழகம் ஒலிம்பியாகோஸின் ரசிகர்களிலேயே பலர் நம்பிக்கை இழந்திருப்பார்கள். ஆனால் முன்னிலை கரைந்துகொண்டே வந்து, ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது 61-60 என்ற நிலையில் சிஎஸ்கேஏவின் ஷிஷ்காவ்ஸ்காஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் (தடுப்பாரின்றி எறியும் வாய்ப்புகளையும்) தவறவிட்டார். பந்தை எடுத்துச் சென்ற ஒலிம்பியாகோஸின் ஸ்பனூலிஸைத் தடுப்பாட்டக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, அவர் அதைப் பிரின்டெஸிஸிடம் தள்ளிவிட்டார். பிரின்டெஸிஸ் ஒற்றைக் கையால் மேலே மிதக்கவிட்ட பந்து வளையத்துக்குள் இறங்கியபோது கடிகாரத்தில் எஞ்சியிருந்தது 0.7 விநாடி. 62-61.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 2023இல் லிதுவேனியாவின் கௌனாஸில், அதே ஒற்றைப் புள்ளி அதே கழகத்தின் கையை விட்டுப் போனது. ஒலிம்பியாகோஸின் வெசென்கோவ் 29 புள்ளிகள் குவித்தும், ஏறத்தாழ மூன்று விநாடிகள் இருக்கையில் அவ்வணியின் 2.18 மீட்டர் உயரமுள்ள ஃபாலின் கைக்கு மேலாக செர்ஹியோ யூல் எறிந்த பந்து ரியல் மாட்ரிட்டுக்கு 79-78 என்று கோப்பையைத் தந்துவிட்டது. ஒலிம்பியாகோஸின் கடைசி முயற்சியைத் தவறவிட்ட ஸ்லூகாஸ், அந்தக் கோடையிலேயே பரம எதிரியான, ஏதென்ஸின் பானத்தினைகோஸுக்குப் போய், மறு ஆண்டு பெர்லினில் கோப்பையோடு ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வென்றார். (ஒலிம்பியாகோஸின் ஊரான பிரேயஸின் ரசிகர்கள் அதை இன்னும் மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை.)

கௌனாஸ் மூன்று லட்சம் பேர் அளவில் வாழும் ஊர். அங்கே 1939ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டிக்கென்றே கூடைப்பந்து அரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். புகழ்பெற்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் சபோனிஸ் பிறந்த ஊரும் அதுதான். சொந்த அணியான சல்கிரிஸ் காலிறுதியிலேயே வெளியேறிவிட்ட பிறகும் அந்த ஊர் அந்த வார இறுதியைத் தன் வீட்டு விசேஷமாகவே நடத்தியது. அதற்கு முன் 2019இல் ஸ்பெயினின் விட்டோரியாவும் அப்படித்தான், தன் அணியான பாஸ்கோனியா தகுதி பெறாமலே, மற்றவர்களுக்காக அரங்கைத் திறந்தது. பெரிய நகரம்தான் பெரிய ஆட்டத்தைத் தாங்கும் என்ற எண்ணத்தை இவ்விரண்டு ஊர்களும் பொய்யாக்கிவிட்டன.

2025இல் நீங்கள் அபுதாபியைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஆட்டத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இஸ்தான்புல்லின் ஃபெனெர்பாஹ்சே 81-70 என்று மொனாக்கோவை வென்றது. வென்ற அணியின் ஹேய்ஸ்-டேவிஸ் 23 புள்ளிகள் எடுத்தார். ஆட்டக்காரராக நான்கு முறை இக்கோப்பையை ஏந்திய யாசிகெவிசியஸ், ஃபெனெர்பாஹ்சேயுடன் முதன்முறையாகப் பயிற்சியாளராகவும் ஏந்தினார். ஆனால் ஏதென்ஸ், பிரேயஸ், இஸ்தான்புல், மொனாக்கோ ஆகிய ஊர்களின் அணிகள் பாரசீக வளைகுடாவின் தீவொன்றில் உள்ள அரங்கில் மோதிக்கொண்டதற்கு விளையாட்டு சார்ந்த காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. பானத்தினைகோஸும் மொனாக்கோவும் தங்கள் காலிறுதித் தொடர்களின் ஐந்தாவது ஆட்டத்தில்தான் இடத்தை உறுதிசெய்தன. அதற்கும் அரையிறுதிக்கும் இடையே மூன்று வாரம்கூட இல்லை. அந்த இடைவெளியில் விமானச் சீட்டு, தங்கும் அறை, நுழைவுச்சீட்டு, வேலையிடத்தில் விடுப்பு எல்லாவற்றையும் ஓர் ஆசிரியரோ துறைமுகத் தொழிலாளியோ எப்படி ஏற்பாடு செய்துகொள்வார்? பெர்லின் என்றாலோ பெல்கிரேடு என்றாலோ நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரில் ஏறியாவது போய்விடுவார்கள். கடல் கடந்த ஊருக்கு அந்த வழியும் இல்லை.

பணம் வேண்டும் என்பதை நான் அறியாமல் எழுதவில்லை. கால்பந்தோடு ஒப்பிட்டால் ஐரோப்பியக் கூடைப்பந்தின் தொலைக்காட்சி வருவாய் மிகச் சிறியது. பல கழகங்கள் உரிமையாளரின் தயவில்தான் ஆண்டுதோறும் கணக்கை முடிக்கின்றன. அதைச் சரிசெய்ய வளைகுடாவில் முன்பருவ ஆட்டங்கள் நடத்தலாம், விளம்பர ஒப்பந்தங்கள் போடலாம், விரும்பினால் அங்கிருந்து புதிய அணியையும் சேர்த்துக்கொள்ளலாம். துபாய் அணியைச் சேர்த்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பருவம் முழுவதும் தொண்டை வற்றக் கத்தியவர்களை, கோப்பை முடிவாகும் நாளில் தொலைக்காட்சி முன் உட்காரச் சொல்வது வேறு விஷயம். நீங்கள் ஒளிபரப்பாளருக்கு விற்கும் அந்த இரைச்சலை உண்டாக்குபவர்களே அவர்கள்தான்.

ஆகவே, இனி நடத்தும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஏலத்தொகைக்கு இணையாக, போட்டியிடும் கழகங்களின் நகரங்களிலிருந்து அங்கே போய்வர ஆகும் செலவையும் கணக்கில் எடுத்து, அந்தக் கணக்கை ஏலத்தின்போதே வெளியிடுமாறு வேண்டுகிறேன். தகுதி பெறும் நான்கு கழகங்களின் பருவச்சீட்டுதாரர்களுக்கென அரங்கின் இருக்கைகளில் பாதியையாவது ஒதுக்குங்கள். அவற்றை விருந்தோம்பல் தொகுப்புகளோடு கட்டாமல் தனியாக, மாணவரும் வாங்கக்கூடிய விலையில், கழகங்கள் வழியாகவே விற்க வேண்டும். அணி தகுதி பெறும் என்று நம்பி முன்கூட்டியே சீட்டு வாங்கி ஏமாந்தவர், தகுதி பெற்ற அணியின் ரசிகருக்கு அதை வாங்கிய விலைக்கே மாற்றிக்கொடுக்கும் வழியையும் உங்கள் பொறுப்பிலேயே நடத்துங்கள்; அந்த வேலையை இடைத்தரகர்களிடம் விடாதீர்கள்.

அடுத்து வரும் ஆண்டுகளுக்கான ஊர்களை அறிவிக்கும்போது இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் மறுத்தீர்கள் என்பதையும் சேர்த்து வெளியிட்டால் நன்றி உடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகன்