அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு தையல்காரரின் திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். விளக்குத்தூண் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பு என்றால் சிவகாசி வெடி மாதிரி, ஓரிடத்தில் வெடித்த துண்டுகள் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, "அப்ப வெடிச்ச இடம் எங்க இருக்கு? எதுக்குள்ள விரியுது?" என்று கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வராது, உட்கார் என்று பதில். சாயங்காலம் அதே கேள்வி கடைக்கு வந்துவிட்டது.

எனக்கும் தெரியாது. கிடைத்ததையெல்லாம் படித்தேன், படித்தவர்களைத் தொந்தரவு செய்தேன். அப்புறம் ஒருநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த எலாஸ்டிக் ரோலை எடுத்தேன்.

பத்து இஞ்ச் வெட்டி, இஞ்சுக்கு ஒரு சட்டைப் பட்டன் தைத்தேன். இரு மடங்காக இழுத்தால், ஒரு இஞ்ச் தள்ளி இருந்த பட்டன் இரண்டாவது இஞ்சில் நிற்கிறது. மூன்று இஞ்சில் இருந்தது ஆறுக்குப் போய்விடுகிறது. அதே நேரத்தில் ஒன்று ஒரு இஞ்ச் நகர்ந்தது, இன்னொன்று மூன்று. எந்தப் பட்டனில் டேப்பை வைத்து அளந்தாலும் இதே கணக்குதான். ஒவ்வொரு பட்டனும் தன்னைத்தான் நடு என்று நினைத்துக்கொள்ளலாம். "அப்ப நடுன்னு ஒண்ணு இல்லையாப்பா?" என்றாள். இல்லை, வெடித்த இடம் என்றும் தனியாக ஒன்று இல்லை.

எலாஸ்டிக்தான் விண்வெளி, பட்டன்கள்தான் விண்மீன் மண்டலங்கள், அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டங்கள். 1929இல் அமெரிக்க வானியலாளர் ஹப்பிள் அவற்றின் தூரத்தையும் அவை நம்மைவிட்டு விலகும் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தூரம் கூடக் கூட வேகமும் கூடியது. விரியும் வெளியைக் கொண்டு இதை விளக்கும் கட்டுரையைப் பெல்ஜிய வானியலாளர் லெமெத்ர் 1927இலேயே எழுதியிருந்தார். இன்றைய கணக்கில், சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு 70 கிலோமீட்டர் வீதம் வேகம் கூடுகிறது. ஒரு முறையில் அளந்தால் 67, இன்னொரு முறையில் 73 வருகிறதாம். இரண்டு டேப்பில் இரண்டு அளவு வந்தால் என் கஸ்டமர் சும்மா விடுவாரா? விஞ்ஞானிகளும் விடவில்லை, இன்னும் சண்டை நடக்கிறது.

பட்டனைக் கவனியுங்கள். எலாஸ்டிக் நீண்டது, பட்டன் பெரிதாகவில்லை. ஈர்ப்பு போன்ற விசைகளால் கட்டுண்டவை விரிவதில்லை. நம் விண்மீன் மண்டலமான பால்வெளி, சூரியக் குடும்பம், திருப்பரங்குன்றம் மலை எல்லாம் அந்தக் கணக்கில்தான். பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வந்துகொண்டுகூட இருக்கிறது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். எலாஸ்டிக்கில் பேனாவால் நெளிநெளியாகக் கோடு போட்டு இழுத்தால் நெளிவுகள் நீளும். தொலைவிலிருந்து வரும் ஒளியும் வழியில் இப்படித்தான் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்கிறது. ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடு இப்படி நகர்வதைப் பார்க்கும் வேலை நமக்கு அந்நியமில்லை. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலில்தான், 1909இல் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அப்படிக் கண்டுபிடித்தார். அது வாயு ஓடுவதால் வரும் நகர்வு, இது வெளி நீள்வதால் வருவது. இந்த வித்தியாசத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

எலாஸ்டிக் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது. அதற்கு முனை உண்டு, அது நீளுவதற்கு மேசையில் இடம் வேண்டும். பிரபஞ்சத்துக்கு முனை இருப்பதாக யாரும் பார்த்ததில்லை. விரிய வெளியே ஒரு இடமும் தேவையில்லை. உள்ளே தூரங்கள் கூடிக்கொண்டே போகின்றன, அவ்வளவுதான். மகளுக்கு இதைச் சொல்லத்தான் ரொம்பத் திணறினேன். நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

தயவுசெய்து வெடி உதாரணத்தை விட்டுவிடுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். எலாஸ்டிக்கும் பட்டனும் என் கடையில் காசில்லாமல் தருகிறேன். வெள்ளை எலாஸ்டிக்காகக் கேட்டு வாங்குங்கள், கறுப்பில் பேனாக் கோடு தெரியாது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்